மில்லடியில் ஒரு பல்லுக்கொழுக்கட்டை

யாழ்ப்பாணத்தில் ஆறே இல்லை என்று பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். கலியாணம் செய்து வந்த ஊரில் ஒரு ஆறு இருந்தது. மாரியில் அதில் தண்ணீர் ஓடும். மாசிக்குப் பிறகு மாடுகள் நடக்கும். ஆனாலும் மாமி, என் கணவரின் அம்மா, அதை ஆறு என்றே சொல்லுவார். அதனால் என் பரீட்சை விடையைப் பற்றி வீட்டில் நான் வாய் திறப்பதில்லை.

அந்த ஆற்றங்கரையில்தான் மில் இருந்தது. நெல்லு அவிக்கிற தொட்டிகள், காயப்போடுகிற சீமெந்துத் தளம், மாவும் மிளகாயும் அரைக்கிற மெசின்கள், பக்கத்தில் தேத்தண்ணீர்க் கடை, சைக்கிள் திருத்துகிற கொட்டில், வேலையாட்களின் வீடுகள் எல்லாம் சேர்ந்து ஒரு சின்ன ஊர் மாதிரி இருந்ததாம். நான் வரும்போது எல்லாம் மூடிக்கிடந்தது. பிறகு முதலாளியின் பிள்ளைகள் கனடாவிலிருந்து வந்து அதைப் பெரிய கடைத்தொகுதியாக்கினார்கள். புகைபோக்கிக்கு ஏழு நிறம் அடித்து மின்குமிழ் சுற்றினார்கள். தளம் வாகனம் நிறுத்துமிடமானது. நெல்லு அவித்த தொட்டிக்குள் நிறநிறமான பிளாஸ்ரிக் பந்துகளைக் கொட்டி, பிள்ளைகள் விழுந்து எழும்புகிற குளமாக்கினார்கள். துணிக்கடை, போன் கடை, ஐஸ்கிறீம் கடை, பிறந்தநாள் கொண்டாடுகிற மண்டபம். ஆற்றில் ஓட்டுவதற்கு அன்னம் மாதிரி நாலு மிதிபடகுகளும் வாங்கிவிட்டார்கள். வருடத்தில் எட்டு மாதம் அந்த அன்னங்கள் வெடித்த சேற்றில் குந்தியிருக்கும். சனம் ரிக்கற் எடுத்து அதற்குள் ஏறி இருந்து படம் பிடித்துக்கொண்டு இறங்கும்.

வாசலில் பளபளவென்று ஆங்கிலத்தில் பெரிய பெயர்ப்பலகை இருக்கிறது. அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. ஓட்டோக்காரரிடம் இப்போதும் "மில்லடி" என்றால்தான் விளங்கும்.

என் மகளுக்கு எட்டாம் மாதத்தில் கீழே ஒரு பல் வெள்ளையாய் எட்டிப் பார்த்தது. எங்கள் வீட்டுக் கூரை அப்போது கழற்றிக்கிடந்தது. நாற்பது பேரை இருத்த இடமில்லை. பல்லுக்கொழுக்கட்டையை மில்லடி மண்டபத்தில் வைக்கலாம் என்று சொன்னது நான்தான். சொன்ன அன்றிரவே சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அது எனக்கு எதைச் சொன்னாலும் தோன்றுவதுதான்.

வெளியூர் வாசகருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்கு முதல் பல் முளைத்ததும், ஓரத்தில் பல்லுப் பல்லாய்க் கிள்ளிச் சின்னச் சின்னக் கொழுக்கட்டைகள் அவித்து, பிள்ளையை வெள்ளைத் துணியில் இருத்தி, தலையில் கொட்டுவார்கள். தகப்பனின் அக்காவோ தங்கையோ கொட்டுவது எங்கள் வீட்டு முறை. பிறகு முன்னால் பேனை, புத்தகம், நகை, கண்ணாடி என்று ஒரு தட்டில் பரப்புவார்கள். பிள்ளை எதைத் தூக்குகிறதோ அதுதான் அதன் எதிர்காலம் என்று எல்லோரும் ஒருநாள் மட்டும் நம்புவார்கள்.

தட்டில் என்ன இருக்கிறது என்பது மாமிக்குப் பெரிய விசயமில்லை. நேரம்தான் விசயம். நல்லநேரத்தில் கொட்டினால் பல்லு முத்து முத்தாய் வரும். தப்பினால் கோணிக்கொண்டு வரும். இதற்கு மாமியிடம் உயிருள்ள ஆதாரம் இருந்தது. மாமியின் அக்காவை நான் பெரிய மாமி என்று கூப்பிடுவேன். அவருடைய பேத்திக்கு இருபது நிமிசம் பிந்திக் கொட்டினார்களாம். இப்போது அந்தப் பிள்ளையின் பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கிறது. பத்து வருடமாக மாமி இதை அக்காவுக்கு ஞாபகப்படுத்தி வருகிறார். எங்கள் கொழுக்கட்டையும் பிந்தினால் பெரிய மாமி என்ன செய்வார் என்பது எனக்கு நன்றாக விளங்கியது.

ஐயர் எழுதித் தந்த நேரம், காலை பத்து பன்னிரண்டிலிருந்து பத்து நாற்பத்தெட்டு வரை. நான் விஞ்ஞானப் பட்டதாரி. இந்த நேரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம்பாமல் இருந்து பார்க்கிற துணிச்சலும் இல்லை.

அன்றைக்கு என் கணவரும் மச்சாளும் மகளைத் தூக்கிக்கொண்டு முதலே போய்விட்டார்கள். மச்சாள் என்றது என் கணவரின் அக்காவை, கொட்டப்போகிறவரும் அவர்தான். நானும் மாமியும் சுடச்சுட அவித்த கொழுக்கட்டையைப் பெரிய எவர்சில்வர் சட்டியில் வைத்து ஓட்டோவில் பின்னால் போனோம். பாதி வழியில் எனக்குக் காஸ் அடுப்பை நிறுத்தினேனா என்று சந்தேகம் வந்தது. திரும்பிப் போனோம். நிறுத்தித்தான் இருந்தது. மறுபடி பாதி வழி வந்ததும், பார்க்கப் போன இடத்தில் கதவைப் பூட்டினேனா என்று சந்தேகம் வந்தது.

"பிள்ளை, இனி வீடு களவு போனாலும் பரவாயில்லை," என்றார் மாமி.

மில்லடி வாசலில் இறங்கும்போது பத்து இருபது. வாசலில் காவல் நின்றவர் அறுபது வயது மதிக்கத்தக்க மனிதர். நீலச் சீருடை, விசில், மேசையில் ஒரு கொப்பி, நூலில் கட்டிய பேனை.

"சட்டிக்குள்ளை என்ன?" என்று கேட்டார்.

"கொழுக்கட்டை, அண்ணை."

"வெளிச்சாப்பாடு உள்ளுக்கு விடேலாது."

நான் சட்டியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தேன். ஏனென்றால் அது எனக்குத் தெரியும். மண்டபம் பதிவு செய்தபோது பன்னிரண்டு நிபந்தனைகளையும் மூன்று தரம் வாசித்துக் கையெழுத்து வைத்தவள் நான். எட்டாவது நிபந்தனை: வெளியிலிருந்து உணவு உள்ளே கொண்டுவர அனுமதியில்லை, குழந்தை உணவு தவிர. கொழுக்கட்டை அந்தத் தடைக்குள் அடங்குமா என்று கேட்க நினைத்தேன். அடங்கும் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் கேட்காமல் விட்டேன். றோல்சும் கேக்கும் அவர்களிடமே சொல்லியிருந்தேன். அதோடு என் மனச்சாட்சியைச் சமாளித்துவிட்டேன். பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறவள் நான். அடையாள அட்டையின் பின்பக்கம் பிரதி எடுக்காமல் வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிறவள். இந்த வாசலில் நின்று சட்டத்தை வளைக்கச் சொல்லிக் கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

மாமிக்கு முகம் இருந்தது.

"தம்பி, உது சாப்பாடில்லை. தலையிலை கொட்டுறது."

"கொட்டினாப் பிறகு?"

"பிறகு பொறுக்கிறது."

"பொறுக்கி?"

மாமி கொஞ்சம் யோசித்தார். "பொறுக்கி... எல்லாருக்கும் குடுக்கிறது."

"குடுத்தா அவை என்ன செய்வினம்?"

"சாப்பிடுவினம்."

"அப்ப சாப்பாடு," என்றார் அவர். கொப்பியை மூடினார்.

மாமி அவரை உற்றுப் பார்த்தார். "நீ மாமெசினிலை நிண்டவனெல்லே?"

"ஓம். முப்பது வரியம் நிண்டனான்."

"அதுதானே பாத்தன். மிளகாய் அரைச்ச கையோடை என்ரை அரிசியைப் போட்டு அரைச்சவன். ரெண்டு நாள் எங்கடை வீட்டிலை புட்டுத் திண்டு எல்லாரும் அழுதது."

"அது உங்கடை முறை, அம்மா. மிளகாய்க்குப் பின்னாலை நிண்டது நீங்கள். முன்னுக்கு விடச் சொல்லிக் கேட்டீங்கள், நான் விடேல்லை. என்ரை வரிசையிலை பெரிய வாத்தியாரின்ரை மனிசியையும் முன்னுக்கு விட்டதில்லை."

அதை அவர் சொன்ன விதத்தைப் பார்த்தபோது, இந்த மனிதரிடம் எதுவும் நடக்காது என்று எனக்கு விளங்கிவிட்டது. நான் கணவருக்குப் போன் எடுத்தேன். அவர் கையில் பாதி ஊதிய பலூனோடு வந்தார். எங்கள் வீட்டில் அவருடைய பங்கு "ஒண்டும் நடக்காது" என்று சொல்வது. இப்போதும் அதைச் சொன்னார். பிறகு எட்டாவது நிபந்தனையைப் போனில் எடுத்துக் காட்டினார்.

"அண்ணை, குழந்தை உணவு தவிர எண்டு போட்டிருக்கு. இது பிள்ளையின்ரை கொழுக்கட்டை. அப்ப குழந்தை உணவுதானே?"

"பிள்ளைக்கு எத்தினை பல்லு?"

"ஒண்டு."

"ஒரு பல்லை வைச்சுக்கொண்டு உந்தச் சட்டி முழுக்கச் சாப்பிடுமோ?"

என் கணவர் பலூனைப் பார்த்தார். அதிலிருந்து காற்றுப் போய்க்கொண்டிருந்தது.

"பிள்ளையின்ரை பைக்குள்ளை, பம்பேசுக்குக் கீழை வைச்சுக் கொண்டு போவம்," என்று என் காதுக்குள் சொன்னார். தலையில் கொட்டுகிற பண்டத்தைப் பம்பேசுக்குக் கீழே வைப்பதா என்று மாமி கேட்ட சத்தத்தில் வரிசையில் நின்ற இரண்டு மோட்டார் சைக்கிள்காரர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

முகாமையாளர் வந்தார். கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர், நல்ல மரியாதை. "மிஸ், எனக்கு விளங்குது. ஆனால் நான் பொஸ்ஸைக் கேக்க வேணும். கனடாவிலை இப்ப இரவு ஒரு மணி. பின்னேரம் எடுத்துச் சொல்லுறன்."

"பின்னேரம் பல்லு விழுந்திடும்," என்றார் மாமி.

பத்து முப்பத்தொன்று. நான் போனை வாங்கி எட்டாவது நிபந்தனையை மறுபடி வாசித்தேன். வேறு எதுவும் செய்யத் தெரியாதபோது நான் வாசிப்பேன். உணவு உள்ளே கொண்டுவர அனுமதியில்லை. உள்ளே. அலுவலகத்தில் சுற்றறிக்கை வந்தால் நாங்கள் அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதைவிட என்ன இல்லை என்றுதான் தேடுவோம்.

"அண்ணை," என்றேன், "கொழுக்கட்டைதானே உள்ளுக்கு வரேலாது? பிள்ளை வெளியிலை வரலாமோ?"

அவர் யோசித்தார். பன்னிரண்டு நிபந்தனைகளையும் மனதில் ஒரு தரம் ஓட்டியிருப்பார் போலிருந்தது.

"பிள்ளை வரலாம்."

"எங்கை இருந்து வெளி?"

அவர் வாசல் இரும்புக் கதவு ஓடுகிற தண்டவாளத்தைக் காலால் காட்டினார். "இதுக்கு அங்காலை வெளி."

அங்காலே இருந்தது றோட்டுக்கும் வாசலுக்கும் இடையில் ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம். ஒரு பக்கம் ஆற்று மதகு, மறுபக்கம் ஐஸ்கிறீம் விளம்பரம். என் கணவர் எல்லோரையும் வெளியே கூப்பிட உள்ளே ஓடினார். மாமி ஓட்டோக்காரர் மாற்றி உடுக்க வைத்திருந்த சாரத்தை வாங்கிக் கீழே விரித்து, அதன்மேல் தன் வெள்ளைத் துணியை விரித்தார். நேரம் இருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முத்திரையை நான் மறந்துவிட்டேன்.

மண்டபத்துக்கோ விளையாட்டுப் பகுதிக்கோ போனவர்கள் வெளியே வந்து மறுபடி உள்ளே போவதென்றால் கையில் மைமுத்திரை குத்திக்கொள்ள வேண்டும். ஏழாவது நிபந்தனை. நாற்பது பேர் பட்டுச் சேலையும் வேட்டியுமாய்ப் புகைபோக்கிக்குக் கீழே வந்து நின்றார்கள். ஒவ்வொருவராகக் கையை நீட்டச் சொன்னார் காவலாளி. குத்தினார். கொப்பியில் கோடு போட்டார். அடுத்த ஆள்.

"கெதியா, அண்ணை."

"கெதியாக் குத்தினா மை ஊறும், பிள்ளை."

பெரிய மாமி பின்னாலிருந்து மெல்ல மெல்ல நகர்ந்து முன்னுக்கு வந்தார்.

"அம்மா, வரிசை."

"எனக்கு முழங்கால் நோ, தம்பி."

"நோகிற காலாலை இவ்வளவு தூரம் முன்னுக்கு வந்திட்டீங்கள். அதாலையே திரும்பிப் போங்கோ."

என் மகள் எங்கே என்று எட்டிப் பார்த்தேன். வரிசையின் கடைசியில் மச்சாள் மகளைத் தூக்கிக்கொண்டு நின்றார். பந்துக்குளத்தில் விட்டால் ஏற மறுத்து அழுததாம். நீல நிறப் பந்து ஒன்றைக் கையில் கொடுத்துத்தான் எடுத்தார்களாம். பிள்ளையை முன்னுக்கு விடுங்கள் என்று நான் கேட்டேன். வாசலடியில் நின்ற சனமும் கேட்டது. அவர் அசையவில்லை. அதோடு பந்து உள்ளே இருக்க வேண்டிய சாமான். அதை வாங்க இன்னும் இரண்டு நிமிசமும் ஒரு பெரிய அழுகையும் போயின. கடைசியில் அந்தக் கொழுத்த மணிக்கட்டைப் பிடித்து, தூசி ஊதிவிட்டு, மெதுவாக முத்திரை குத்தினார். இருந்த நாற்பத்தொரு முத்திரைகளில் அதுதான் தெளிவாக விழுந்தது.

மகளைத் துணியில் இருத்தினோம். தலையில் வெள்ளைத் துணி போட்டோம். மச்சாள் சட்டியைத் தூக்கினார். மாமி என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, நேரம் என்ன?"

போனில் பத்து ஐம்பத்துமூன்று.

மாமிக்குப் பின்னால் பெரிய மாமி நின்றார். முழங்கால் நோவை மறந்து நல்ல நிமிர்வாக நின்றார். அவருக்குப் பக்கத்தில் பல்லுக்குக் கம்பி கட்டிய பேத்தி. நான் வாழ்க்கையில் ஒரு வருகைப் பதிவேட்டில்கூடப் பொய் எழுதியதில்லை. காஸ் அடுப்புக்காகத் திரும்பிப் போன பதினைந்து நிமிசமும் என் கணக்கில்தான் இருந்தது.

"பத்து நாற்பத்தாறு, மாமி," என்றேன்.

"கொட்டு!" என்றார் மாமி.

மச்சாள் கொட்டினார். மகள் ஒரு கணம் திகைத்தாள். பிறகு சிரித்தாள், ஒற்றைப் பல் தெரிந்தது. கொழுக்கட்டைகள் துணியில் உருண்டன, சாரத்தில் உருண்டன, இரண்டு மூன்று தண்டவாளத்தைத் தாண்டி உள்ளேயும் உருண்டன. உள்ளே போனவற்றைக் காவலாளி சப்பாத்தால் வெளியே தள்ளிவிட்டார். வாசலில் நின்ற மோட்டார் சைக்கிள்காரர்கள் ஹெல்மெற்றைக் கழற்றி நீட்டினார்கள். பஸ்ஸை மெதுவாக்கிய கொண்டக்டரும் கை நீட்டி இரண்டு வாங்கிக்கொண்டு போனார்.

தட்டு உள்ளே அலங்கரித்த மேசையில் இருந்தது. அதைத் தூக்கி வர மறுபடி முத்திரை பார்க்க வேண்டும். அதனால் காவலாளியின் மேசையில் இருந்ததையே பரப்பினோம்: அவருடைய கொப்பி, நூல் அறுத்த பேனை, விசில், மாமியின் ஒரு காப்பு. நான் பேனையைக் கொஞ்சம் கிட்டத் தள்ளி வைத்தேன். அது அவ்வளவு கிட்ட இருந்தது சரியில்லையோ என்று கொஞ்சம் பின்னுக்கும் இழுத்தேன். மகள் எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு தன் மடியில் கிடந்த கொழுக்கட்டை ஒன்றை எடுத்து, ஒற்றைப் பல்லால் விளிம்பைக் கரண்டினாள்.

நான் பாய்ந்து வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டினேன். எல்லோரும் சமையல்காரி என்றார்கள், கடை வைப்பாள் என்றார்கள். காவலாளி மட்டும் மாமியைப் பார்த்து, "நான் அப்பவே சொன்னனான், சாப்பாடெண்டு," என்றார். மாமி அவருடைய கையில் ஐந்து கொழுக்கட்டை வைத்தார். "மிளகாய் போடாத மா, பயப்பிடாமல் தின்," என்றார்.

எல்லோரும் கையை நீட்டி முத்திரை காட்டி உள்ளே போய்க்கொண்டிருந்தபோது அவர் என்னைக் கூப்பிட்டார். வாசலில் ஏதாவது நிகழ்ச்சி நடந்தால் நேரத்தோடு கொப்பியில் எழுத வேண்டுமாம். அவர் தன் கைமணிக்கூட்டைப் பார்த்தார். உள்ளே போகிற மாமியின் முதுகைப் பார்த்தார். பெரிய மாமி எங்களுக்கு இரண்டடி தள்ளி நின்று சேலை மடிப்பைச் சரிசெய்வது போலக் கொப்பியைப் பார்த்தார்.

"நீங்களே எழுதுங்கோ, பிள்ளை. நான் கண்ணாடி கொண்டு வரேல்லை," என்றார்.

கண்ணாடி அவருடைய சட்டைப்பையில் இருந்தது. நான் பேனையை எடுத்தேன். நிகழ்ச்சி: பல்லுக்கொழுக்கட்டை. இடம்: வாசலுக்கு வெளியே. நேரம்: 10.46. கீழே கையெழுத்து வைத்தேன். எழுத்து என்னுடையது போலவே இல்லை. பெரிய மாமி நிமிர்ந்து உள்ளே போனார். இந்தமுறை முழங்கால் நோவோடு போனார்.

அன்று முழுவதும் எனக்கு இரண்டு கவலை. பொய் சொல்லி என் பிள்ளையின் இருபது பாற்பற்களையும் கெடுத்துவிட்டேனோ என்று ஒரு பக்கம். பல்லுக்கும் நேரத்துக்கும் தொடர்பில்லை என்று படித்த நான் ஏன் இப்படிப் பயப்படுகிறேன் என்று மறுபக்கம். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் மாமி விறாந்தைக் கதிரையில் இருந்து கைமணிக்கூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். மாமி மணிக்கூடு கட்டியிருந்தார் என்பதையே நான் அப்போதுதான் கவனித்தேன். சேலைத் தலைப்பு அதை நாள் முழுவதும் மூடியிருந்தது.

"மாமி, ஒரு விசயம்," என்று தொடங்கினேன். "அந்த நேரம்..."

மாமி மணிக்கூட்டைத் துடைத்து அலுமாரிக்குள் வைத்தார்.

"உன்ரை போன் பிழையா ஓடுது, பிள்ளை. என்ரையிலை அப்ப பத்து ஐம்பத்தைஞ்சு," என்றார். "அக்கா ரெண்டு தரம் கேட்டவ. நான் உன்ரை போன் நேரத்தைத்தான் சொன்னனான்."